தள்ளண்ணையின் பதவிக்காலம்

சர்வதேச ரக்பி வரலாற்றில், ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் மிக நீண்ட காலம் பதவியில் இருந்த பயிற்றுநர் எங்கள் தள்ளண்ணைதான். வரலாறு இதை இன்னும் குறித்து வைக்கவில்லை என்றால் அது வரலாற்றின் அசட்டை. பெரிய பெரிய நாடுகள் எல்லாம் ஒரு உலகக் கிண்ணத்தில் சறுக்கினாலே பயிற்றுநரைப் பெட்டி கட்டச் சொல்லிவிடுகின்றன. நாங்கள் ஒவ்வொரு கோடையிலும் சுவிஸிடம் தோற்றோம். ஒவ்வொரு கோடையிலும் தள்ளண்ணைக்கு மாலை போட்டு, அடுத்த வருடமும் நீங்கள்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம்.

சர்வதேசம் என்றதும் சிரிக்காதீர்கள். ஆட்டம் ஜேர்மனித் தமிழர் அணிக்கும் சுவிஸ் தமிழர் அணிக்கும் இடையில் நடப்பது. நாடு இரண்டு, நடுவில் எல்லை ஒன்று, மத்தியஸ்தர் இரு பக்கமும் சேராத ஒரு வெள்ளைக்காரர். இதற்கு மேல் சர்வதேசத்துக்கு என்ன வேண்டும்? ஆட்டம் முடிந்ததும் இரண்டு நாட்டாரும் ஒரே வரிசையில் கொத்துரொட்டிக்கு நிற்பார்கள். அந்த வரிசையில் மட்டும் நாங்கள் பலமுறை வென்றிருக்கிறோம்.

நான் பிசியோதெரபிஸ்ட். வுப்பர்டாலில் ஒரு டொக்டரின் நிலையத்தில் வேலை. சனி ஞாயிறுகளில் எங்கள் அணிக்காக ஐஸ் பையும் பிளாஸ்டருமாக மைதானக் கோட்டுக்கு வெளியே நிற்பேன். கோட்டுக்கு உள்ளே என் கணவர் சுதன் நிற்பார். இந்தக் கதை முழுக்க என் கவனம் எங்கே இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுதனின் கழுத்தில்.

தள்ளண்ணையின் சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். ஸ்க்ரம் என்று ஒன்று இருக்கிறதே, இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து, தலையைக் கொடுத்து முட்டித் தள்ளுவது, அதுதான் அவருக்கு ரக்பி. ஓடுவதும் எறிவதும் பிடிப்பதும் அவரைப் பொறுத்தவரை இரண்டு ஸ்க்ரத்துக்கு இடையில் வரும் இளைப்பாறல். கோட்டோரம் நின்று "தள்ளு" என்று அவர் ஒரு சத்தம் வைத்தால் எங்கள் ஊரில் தலைக்கு மேலே போகிற தொங்கு ரயிலில் இருக்கிறவர்கள் கீழே எட்டிப் பார்ப்பார்கள். அவருடைய மூத்த மகள் பிறந்தபோது, மருத்துவிச்சி ஜேர்மனில் சொன்னதை இவர் மனைவிக்குத் தமிழில் மொழிபெயர்த்த வேகத்தில் பக்கத்து அறையில் இன்னொரு பிள்ளையும் அவசரமாகப் பிறந்துவிட்டதாம். இதை நான் நம்புகிறேன்.

தகப்பனார் கண்டியில் ஸ்டேஷன் மாஸ்டர். அதனால் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் கிரிக்கெட் மட்டையோடு திரிந்த வயதில் இவர் மலைநாட்டுச் சேற்றுக்குள் தலையை விட்டுத் தள்ளப் பழகிவிட்டார். ரக்பி என்று சொல்லமாட்டார், "றகர்" என்றுதான் சொல்லுவார். அகதியாக இங்கே வந்த பிறகு வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் லொறியோடு சேர்ந்தார். வுப்பர்டாலில் அது லேசான வேலை இல்லை. இந்த ஊரில் சமதரையாக ஓர் இடம் கண்டால் அது ஆறு. மற்றதெல்லாம் மேடு. மேட்டின் மேல் படி, படியின் மேல் வீடு, வீட்டின் நாலாம் மாடியில் எங்கள் ஆட்கள். லிஃப்ட் இருக்காது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வீடு மாறினால் சனிக்கிழமை காலையில் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லாம் வந்து சேர்ந்துவிடுவார்கள். சம்பளம் கிடையாது. மத்தியானம் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் கிடைக்கும். இதில் மற்றவர்கள் ஒற்றுமையைப் பார்த்தார்கள். தள்ளண்ணை அணித் தேர்வைப் பார்த்தார்.

மற்றப் பயிற்றுநர்கள் ஆட்களை ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள். இவர் வோஷிங் மெஷினைத் தூக்கவிட்டு முகத்தைப் பார்ப்பார். அதை நாலாம் மாடிக்கு ஏற்றும்போது கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் வருகிறவன் ஸ்க்ரத்தின் முன்வரிசை. அலுமாரியைப் படி வளைவில் சுவரில் உரசாமல் திருப்புகிறவன் அடுத்த வரிசை. சாமிப்படங்களைக் கையில் கொடுத்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, நெஞ்சோடு அணைத்து, ஓரிடத்திலும் கீழே வைக்காமல் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பவனிடம்தான் பந்தை நம்பிக் கொடுப்பார்.

"அண்ணை, வோஷிங் மெஷின் வரேக்கை காணாமல் போய், சோறு வரேக்கை வந்து நிக்கிறாங்களே, அவங்களை என்ன செய்யிறது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்கள்தான் பிள்ளை எங்கட விங், ஓரத்தால பந்தோட ஓடுற ஆக்கள். நான் இவ்வளவு கண் வைச்சிருந்தும் என்னால பிடிக்க ஏலாமல் போச்சு. சுவிஸ்காரன் எப்பிடிப் பிடிப்பான்?"

ஒரு தேர்வின்போது இரண்டாம் மாடிப் படியில் ஏழு பேர் குனிந்து, ஒரு குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றித் தோள் கோத்து நின்றார்கள். இவர் மேல்படியில் நின்று தள்ளு தள்ளு என்று கத்திக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த ஒரு ஜேர்மன் மூதாட்டி, பொலிசைக் கூப்பிடும் யோசனையோடு, என்ன நடக்கிறது என்று கேட்டார். தள்ளண்ணை மிக மரியாதையாக, "ஃபெராய்ன்" என்றார். பதிவு செய்த சங்கம் என்று அர்த்தம். "ஆக் ஸோ", அப்படியா, என்று மூதாட்டி கதவைச் சாத்திவிட்டார். இந்த நாட்டில் சங்கமாகச் சேர்ந்து செய்தால் எதுவும் முறையான காரியம்.

யாரும் வீடு மாறாத மாதங்களில்தான் சிக்கல். தள்ளண்ணை வீடு வீடாகத் தேநீர் குடிக்கப் போவார். "அக்கா, இந்தக் குசினிக்கு வெளிச்சம் காணாது, என்ன?" என்று மெதுவாகத் தொடங்குவார். அடுத்த கிழமை வேறொரு வீட்டின் ஜன்னல்கள் எவ்வளவு பெரிது என்று கதை வரும். இப்படி அணியின் நலனுக்காக வீடு மாறிய குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. சில குடும்பங்கள் பழைய தெருவுக்கே திரும்பி வந்ததும் உண்டு.

அவருக்கு ஒரு நீல ஜக்கெட் இருந்தது. முதுகில் தமிழில் பெரிதாக "பயிற்றுநர்" என்று அச்சிட்டிருக்கும். அதைச் சங்கம் கொடுக்கவில்லை, தானே செய்வித்தது. வேலைக்கும் அதுதான், பல் டொக்டரிடம் போகவும் அதுதான், செத்தவீட்டுக்கும் கறுப்புக் கோட்டுக்கு உள்ளே அதுதான். லொறிக் கம்பனியில் அவரை எல்லாரும் கூப்பிட்டது "ஹேய், நீ" என்று. அந்த ஜக்கெட்டைப் போட்டால் மட்டும் அவர் ஒரு நாட்டின் பயிற்றுநர்.

அணியை அறிவிக்கிற விதமும் தனி. பெயர் வாசிக்கமாட்டார். ஆட்டத்துக்கு ஒரு கிழமை முன்னம் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, தெரிவானவர்களின் கையில் வீடு மாற்றும் வேலைக்கான கையுறை ஒரு சோடியைக் கொடுத்துக்கொண்டு போவார். கையுறை கிடைக்காதவன் ஆட்டத்தில் இல்லை. காரணம் கேட்கக் கூடாது. "தேர்வைப் பற்றி என்னோட ஒருத்தரும் கதைக்கப்படாது. என்ர மனுசியும் கதைக்கப்படாது," என்பார்.

இந்தச் சட்டத்தில்தான் நான் போய் முட்டிக்கொண்டேன்.

சுதன் முன்வரிசைக்காரர். ஸ்க்ரத்தில் எட்டுப் பேரின் பாரமும் முன்வரிசையின் கழுத்தில்தான் வந்து இறங்கும். போன கோடை ஆட்டத்துக்கு ஒரு வருடம் முன்பே சுதனுக்கு வலது கைவிரல்கள் விறைக்கத் தொடங்கின. காலையில் கோப்பி கோப்பை கையிலிருந்து தானாக நழுவியது. படம் எடுத்துப் பார்த்தால் கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அமுக்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் தள்ளக் கூடாது, ஒரு பிழையான முட்டு விழுந்தால் பிறகு கையே எழும்பாமல் போகலாம் என்று டொக்டர் சொன்னார். டொக்டர் அதைச் சாதாரணக் குரலில் சொன்னார். எனக்குத்தான் அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

சுதன் அசையவில்லை. "இந்த ஒரு சுவிஸ் மட்ச் மட்டும் ஆடிப்போட்டு விடுறனப்பா."

"போன வருசமும் இதைத்தானே சொன்னனீங்கள்?"

"போன வருசம் தோத்துப்போனமே. இந்த முறை நான் இல்லாட்டி அண்ணையின்ர பதவி போயிடும்."

அது உண்மை. கெல்சென்கிர்ச்சனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எங்கள் சங்கத் தலைவருக்கு அந்த வருடம் திடீரென்று ரோசம் வந்துவிட்டது. சுவிஸிலிருந்து வந்த அவருடைய மைத்துனர் ஏதோ நக்கலாகச் சொல்லியிருக்கிறார். தலைவர் கூட்டத்தில் எழுந்து, "அண்ணை, இந்த முறை வெல்லாட்டி வேற ஆளைப் பாக்கவேண்டி வரும்," என்றார். தள்ளண்ணை "ஓம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது ஜக்கெட்டின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். கோடைகாலம், நல்ல வெயில்.

சுதனை அசைக்க முடியாது என்று தெரிந்ததும் நான் தள்ளண்ணையிடம் போனேன். லொறியடியில் கயிறு சுற்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, சுதனைப் பற்றி ஒரு விசயம்..."

"தேர்வோ?"

"ஓம், ஆனால்..."

"கதைக்கப்படாது பிள்ளை."

"அண்ணை, இது அப்பிடி இல்லை..."

"என்ர மனுசி ஒருக்கா மருமகனைப் பற்றிக் கதைக்க வந்து, மூண்டு நாள் நானே சமைச்சுச் சாப்பிட்டனான். அப்பவும் விடேல்லை." கயிற்றைச் சுற்றி முடித்து லொறிக்குள் ஏறிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவருடைய லொறிச் சில்லுக்குக் காற்றைத் திறந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். கழுத்து என் புருசனுடையது, பதவி இவருடையது. சுதன் இல்லாமல் ஸ்க்ரம் இல்லை, ஸ்க்ரம் இல்லாமல் வெற்றி இல்லை, வெற்றி இல்லாமல் பதவி இல்லை. எந்த மனிதன் தன் பதவியைத் தானே அறுத்துக்கொள்வான்? நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

கடைசித் தேர்வு ஒரு டீச்சர் அக்காவின் வீடு மாற்றம். அன்று தலைவர், அடுத்த பயிற்றுநராக வைக்கலாம் என்று பிராங்பேர்ட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்திருந்தார். கார்த்திக் என்று பெயர், சென்னைக்காரர், வங்கி ஒன்றில் ஐடி வேலை. கல்லூரியில் ரக்பி ஆடியவர். லாப்டாப்போடு வந்து, "சார், பிளேயர்ஸோட டேட்டா எல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"நாலாம் மாடியில," என்று சொல்லி தள்ளண்ணை அவர் கையில் ஒரு சோடிக் கையுறையைக் கொடுத்தார்.

மூன்றாம் மாடியில் வோஷிங் மெஷினின் கயிறு அறுந்தது. மெஷின் ஒரு படி இறங்கி நின்றுவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சத்தம் கேட்ட கணத்தில் கார்த்திக் மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றார். "இவ்வளவு வேகமா?" என்று தள்ளண்ணை அப்படியே மெய்மறந்து நின்றார். தன் இடத்துக்கு வரப்போகிறவரை அந்த இடத்திலேயே விங்குக்குத் தெரிவு செய்துவிட்டார்.

அந்தக் களேபரத்தில் மேலே இருந்து யாரோ "சுதன்" என்று கூப்பிட்டார்கள். சுதன் கழுத்தைத் திருப்பவில்லை. கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்த்து முழு ஆளாகத் திரும்பினார். தள்ளண்ணை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "சுதன், நீர் கீழ போய் லொறியைப் பாத்துக்கொள்ளும்," என்றார். யாராவது சாமான் எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

கையுறை கொடுக்கிற நாள் வந்தது. சுதன் வழக்கமான தன் இடத்தில் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். தள்ளண்ணை ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்து, சுதனைத் தாண்டி அடுத்த ஆளிடம் போனார்.

"அண்ணை, என்ர?"

"உமக்கு இல்லை."

"ஏன்?"

"தேர்வைப் பற்றிக் கதைக்கப்படாது."

தலைவர்தான் முதலில் பதறினார். "சுதன் இல்லாட்டி முன்வரிசைக்கு ஆர் அண்ணை? பழகின ஆள் வேற இல்லையே."

"இல்லைத்தான். மத்தியஸ்தரிட்டைச் சொல்லுவம். தள்ளாமல் ஆடுவம்."

ரக்பியில் இப்படி ஒரு விதி இருக்கிறது. முன்வரிசையில் பழகிய ஆள் ஓர் அணியிடம் இல்லையென்றால், ஆபத்து வேண்டாம் என்று மத்தியஸ்தர் இரண்டு பக்கத்தையும் தள்ளவிடமாட்டார். சும்மா குனிந்து, கோத்து, பந்தைப் போட்டுவிட்டு எழும்பவேண்டியதுதான். தள்ளண்ணையிடம் இருந்த ஒரே வித்தை தள்ளுவது. அதைத்தான் அவர் தன் கையால் எடுத்து அப்பால் வைத்தார்.

நான் மண்டபத்துக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். ஆறுதலில் அழுகிற பழக்கம் எனக்கு இல்லை, அன்றுதான் பழகினேன். ஒரு வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த கல்லை யாரோ வந்து, கையுறை போட்டுக்கொண்டு, பக்குவமாகத் தூக்கிப் போனதுபோல இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, தேநீரோடு வைத்திருந்த ரோல்ஸ் தட்டில் மிச்சம் இருந்ததையெல்லாம் சாப்பிட்டேன். மாதக்கணக்காகத் தொலைந்திருந்த பசி அது.

அன்றிலிருந்து சுதன் என்னோடும் பேசவில்லை. நான்தான் போய்ச் சொல்லிவிட்டேன் என்று அவருக்கு முடிவு. கோபத்தில் நிலவறையைத் துப்புரவாக்கப் போனார். பாரம் தூக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு போத்தலாகத் துடைத்து அடுக்கினார். எங்கள் நிலவறை அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு ஸ்க்ரத்திலும் எல்லாரும் பூப்போலக் குனிந்து பூப்போல எழும்பினார்கள். தள்ளண்ணை பழக்கதோசத்தில் வாயைத் திறப்பார், ஞாபகம் வந்து மூடுவார். மைதானமே அமைதியாக இருந்தது. எங்களுக்குக் கிடைத்த ஒரே புள்ளிகள் கார்த்திக் ஓடி எடுத்தவை. அவர் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் கார் நிறுத்துமிடம் வரை ஓடினார். மற்றப்படி வழக்கத்தைவிட மோசமாகத் தோற்றோம்.

அடுத்த ஞாயிறு தலைவருடைய கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கூட்டம் நடந்தது. தள்ளண்ணை ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வரவில்லை. மடித்து, ஒரு பையில் வைத்து, திருப்பிக் கொடுக்கிற மாதிரி மடியில் வைத்திருந்தார். சங்கம் கொடுக்காத ஜக்கெட்டை யாரிடம் திருப்பிக் கொடுக்கப்போகிறார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அண்ணையின்ர சேவைக்கு நன்றி. ஆனால் சொன்ன சொல்லு ஒண்டு இருக்கு..." என்று தொடங்கிவிட்டு, நடுவில் அணிப் பக்கம் திரும்பினார். "தம்பிமார், வாற சனிக்கிழமையை மறக்காதேங்கோ. என்ர புது வீட்டுக்குச் சாமான் ஏத்தவேணும்." கடையின் பழைய பெரிய ஃப்ரீசர் ஒன்றும், மகளின் பியானோவும், மாமியாரின் தேக்கு அலுமாரியும் இருப்பதாக அவரே சொன்னார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "தள்ளண்ணை கூப்பிட்டால் வருவம்."

இன்னொரு குரல். "பயிற்றுநர்தானே கூப்பிடவேணும். இல்லாட்டி அது தேர்வு இல்லையே, சும்மா கூலி வேலை எல்லோ?"

அறையில் எல்லாரும் பியானோவைப் பற்றி யோசித்தார்கள். தலைவர் அதிகமாக யோசித்தார். பிறகு கார்த்திக்கைப் பார்த்தார்.

"தலைவரே, எனக்கு இந்த போஸ்ட் வேணாம். நான் விங்லயே ஹாப்பியா இருக்கேன்," என்றார் கார்த்திக்.

"அப்ப அண்ணை," என்று தலைவர் மறுபடியும் செருமினார், "இன்னும் கொஞ்சக் காலம் நீங்களே இருங்கோவன்."

"எவ்வளவு காலம்?"

"வாற சனி... இல்லை, அடுத்த கோடை வரைக்கும்."

"எனக்கும் ஐப்பசியில வீடு மாறவேணும்," என்று பொருளாளர் அவசரமாக எழுந்தார். அவர் வாய் மூடுமுன் இன்னும் இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். இப்படியாக, சுவிஸிடம் ஆகப் படுமோசமாகத் தோற்ற வருடத்தில் தள்ளண்ணையின் பதவி ஆக நீண்ட காலத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அவர் பையிலிருந்து ஜக்கெட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

வெளியே லொறியடியில் சுதன் அவரை மறித்தார். "அண்ணை, என்ர கழுத்து உங்களுக்கு எப்பிடித் தெரியும்? இவள் சொன்னவளோ?"

"சொல்ல வந்தவ. நான் விடேல்லை. நீர் படியில திரும்பினதைப் பாத்தனான்."

"அப்ப எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் ஆடியிருந்தால் வெண்டிருப்பம்."

"சுவிஸ் எங்க தம்பி ஓடப்போகுது? அடுத்த வருசமும் அங்கதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் லொறிக்குள் ஏறினார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சுதன் என்னோடு பேசத் தொடங்கினார். முதல் வார்த்தை, உப்புக் காணாது என்பது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்த வசந்தத்தில் நாங்களும் வீடு மாறினோம். அணி முழுவதும் வந்தது. தள்ளண்ணை ஜக்கெட்டோடு படியடியில் நின்று எல்லாருக்கும் கையுறை கொடுத்தார். சுதன் முறை வந்தபோது ஒரு தலையணையை எடுத்து அவர் கையில் வைத்தார். "கவனமாக் கொண்டு போம். விழுத்திப்போடாதையும்." சுதன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் ஏறினார். பின்னால் வோஷிங் மெஷினோடு வந்தவர்கள் வழிவிடச் சொல்லிக் கத்தினார்கள். தள்ளண்ணை கீழே நின்று, ஒரு தலையணை மேலே போய்ச் சேரும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சுதனின் விரல்களில் இப்போது விறைப்பு இல்லை. கோப்பி கோப்பையும் விழுவதில்லை. ஆனால் சங்கத்தில் பயிற்றுநரின் பதவிக்காலம் பற்றி மறுபடியும் பேச்சு எழுந்திருக்கிறதாம். புது வீட்டில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, குசினியும் பெரிது, எங்கள் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இருந்தாலும் நான் நேற்றிலிருந்து வேறு வீடு தேடத் தொடங்கிவிட்டேன்.